நடுவரில்லாத டென்னிஸில் புள்ளி சொல்லும் மரபு

நாற்காலி நடுவர் இல்லாமல் ஆடப்படும் டென்னிஸில் புள்ளிக் கணக்கைச் சொல்ல வேண்டியவர் சர்வீஸ் போடுபவர். ஒவ்வொரு புள்ளிக்கும் முதல் சர்வீஸுக்கு முன்னால், வலைக்கு அப்பால் நிற்பவர் காதில் விழும்படி அதைச் சொல்லிவிட்டுத்தான் பந்தை மேலே தூக்க வேண்டும். நடுவரில்லா ஆட்டங்களுக்குச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு வகுத்த நடைமுறையில் இது ஒரே ஒரு வரி. பொழுதுபோக்கு டென்னிஸில் வரும் சச்சரவுகளில் பல அந்த ஒரு வரியை மறந்த இடத்திலிருந்து கிளம்புகின்றன. ஏமாற்ற வேண்டும் என்று கோர்ட்டுக்கு வருபவர்கள் குறைவு. வாய் திறக்காமல் சர்வீஸ் போடுபவர்கள் நிறைய.

பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களில் டென்னிஸ் என்றாலே பெரும்பாலும் இந்த நடுவரில்லா டென்னிஸ்தான். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது முதல் அமிர்தராஜ் சகோதரர்கள், ரமேஷ் கிருஷ்ணன் காலம்வரை தமிழகம் பெருமையோடு பேசும் டென்னிஸ், நடுவர் உயர நாற்காலியில் உட்கார்ந்து கணக்குச் சொன்ன டென்னிஸ். நுங்கம்பாக்கம் அரங்கில் 1997 முதல் 2017 வரை நடந்த சென்னை ஓபனும் அப்படியே. சிற்றூரில் உயர நாற்காலியும் கிடையாது, கோட்டோர நடுவரும் கிடையாது. காலை ஐந்தரைக்கு வரும் நான்கு பேரும் ஆட்டக்காரர்கள். அந்த நான்கு பேரே நடுவர்கள்.

இரண்டு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனியானது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இரண்டிலும் சேர்த்துச் சுமார் 13.2 லட்சம் பேர். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் பக்கம் பெரம்பலூர். சுண்ணாம்புக்கல் வெட்டிச் சிமெண்ட் ஆக்கும் பக்கம் அரியலூர். இத்தகைய ஊர்களுக்கு டென்னிஸ் வந்த வழி தமிழகம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: அலுவலர் மன்றம், ஆலைக் குடியிருப்பு, கல்லூரி மைதானம், மாவட்ட விளையாட்டரங்கம். தெருப் பையன்களிடம் டென்னிஸ் என்றால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது ராக்கெட் அல்ல, டென்னிஸ் பால் கிரிக்கெட். ஊரில் விற்கும் டென்னிஸ் பந்துகளில் எத்தனை வலையைத் தாண்டியிருக்கும் என்று கணக்கெடுத்தால் சிரிப்புத்தான் வரும்.

ஆடுவோர் சிலர் என்பதால் ஒரு விளைவு உண்டு. பெருநகர மன்றத்தில் ஒருவரோடு மனக்கசப்பு வந்தால் அடுத்த வாரம் வேறொருவரோடு ஆடிக்கொள்ளலாம். இங்கே நாளைக் காலையும் அதே முகம்தான். ஒரு புள்ளியில் தொடங்கிய வாக்குவாதம் கடைவீதிவரை வரும், கல்யாண மண்டபத்தில் பந்திவரைகூட வரும். அதனால் புள்ளி சொல்லும் மரபு சிற்றூருக்கு ஆடம்பரம் அல்ல. ஆட்டம் மறுநாளும் நடக்க வேண்டுமானால் அது வேண்டும்.

டென்னிஸ் கணக்கு மறப்பதற்கு என்றே செய்யப்பட்டதுபோல இருக்கும். பூப்பந்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராக எண்ணினால் போதும். கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூரில் 19-ஆம் நூற்றாண்டில் அரச குடும்பத்தார் ஆடத் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்த விளையாட்டு, மத்தியத் தமிழகப் பள்ளி மைதானங்களில் தலைமுறை தலைமுறையாக ஊறியது. அதில் கணக்குக் குழம்புவது அபூர்வம். ஷட்டிலும் 2006-இல் 21 புள்ளி நேர்க்கணக்குக்கு மாறிவிட்டது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ரேலிக்கும் ஒரு புள்ளி. டென்னிஸோ 15, 30, 40 என்று தாவி, டியூஸில் நின்று, அட்வாண்டேஜுக்குப் போய், திரும்ப டியூஸுக்கே வந்து உட்காரும். அதற்குமேல் கேம் கணக்கு, அதற்கும் மேல் செட் கணக்கு. மூன்று அடுக்கையும் மூச்சு வாங்கும்போது மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இந்தத் தாவல் பிரான்ஸின் பழைய உள்ளரங்க டென்னிஸிலிருந்து வந்த சொத்து. அங்கே 15, 30, 45 என்று இருந்தது. சொல்ல எளிதாக 45 நாளடைவில் 40 ஆகிவிட்டது என்பது பொதுவான விளக்கம். கடிகார முகத்தின் கால்மணிப் பகுப்பிலிருந்து வந்தது என்ற கதை அழகானது, ஆனால் நிமிட முள் பரவலாகும் முன்பே இந்த எண்கள் புழக்கத்தில் இருந்ததால் அது நிற்காது. 1874-இல் புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்கிய வால்டர் விங்ஃபீல்டு வைத்திருந்தது வேறு முறை: 15 புள்ளிக்கு ஒரு கேம், அதிலும் சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. 1877-இல் முதல் விம்பிள்டனை நடத்தியவர்கள் அதை ஒதுக்கிவிட்டுப் பழைய 15-30-40-ஐ எடுத்துக்கொண்டார்கள். பெரம்பலூரில் இன்று காலை ஒருவர் நாற்பதா முப்பதா என்று தலையைச் சொறிந்தால் அதற்குக் காரணம் அன்றைய முடிவு.

சொல்லும் முறைக்கு வருவோம். சர்வீஸ் போடுபவரின் புள்ளி முதலில், எதிராளியின் புள்ளி பிறகு. ‘தர்ட்டி ஃபிஃப்டீன்’ என்றால் சொல்பவருக்கு முப்பது. ஒவ்வொரு கேமின் தொடக்கத்திலும் கேம் கணக்கையும் சொல்வது நல்ல பழக்கம். அமெரிக்க டென்னிஸ் சங்கம் நடுவரில்லா ஆட்டங்களுக்கு வெளியிடும் ‘தி கோட்’ என்ற நடத்தைக் கையேடு அதைக் கட்டாயமாகவே கேட்கிறது. கர்னல் நிக்கலஸ் பவல் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கையேடு அது. எழுதப்படாத மரியாதைகளை எழுதி வைத்ததுதான் அதன் சிறப்பு.

இந்த ஊர்களில் எண்களைத் தமிழில் சொல்வது அரிது. பேச்செல்லாம் தமிழில் நடக்கும். புள்ளி மட்டும் ‘தர்ட்டி ஆல்’, ‘டியூஸ்’, ‘அட்வாண்டேஜ்’ என்று வரும். ‘முப்பது முப்பது’ என்று சொன்னால் விதி மீறல் ஒன்றும் இல்லை; எதிராளிக்குப் புரிந்தால் போதும். புதிதாக வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘லவ்’ என்றால் சுழியம் என்று புரியவைப்பதே ஒரு வேலை. பிரெஞ்சில் முட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது என்ற விளக்கம் உறுதிப்படாவிட்டாலும், தேர்வுத் தாளில் முட்டை வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு எளிதில் பதியும்.

எத்தனை உரக்கச் சொல்ல வேண்டும் என்பதில் அலட்சியம் அதிகம். டென்னிஸ் கோர்ட்டின் ஒரு அடிக்கோட்டிலிருந்து மறு அடிக்கோட்டுக்கு 78 அடி. அத்தனை தூரத்தில், காற்று வீசும் மாலையில், பக்கத்துச் சாலையில் லாரி போகும்போது, தாடைக்குள் முணுமுணுத்தால் கேட்காது. முணுமுணுப்பவர்கள் பெரும்பாலும் கூச்சப்படுபவர்களே. தாங்கள் முந்தியிருக்கும்போது உரக்கச் சொன்னால் பெருமையடிப்பதாகத் தோன்றுமோ என்று தயங்குகிறார்கள். முந்தினாலும் பிந்தினாலும் ஒரே குரல் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தயக்கம் போய்விடும். தோற்கும்போது மட்டும் சொல்லாமல் விடுபவரை மற்றவர்கள் வெகு விரைவில் கவனித்துவிடுகிறார்கள்.

இரட்டையர் ஆட்டத்தில் சர்வீஸ் போடுபவரின் துணை வலையோரம் நிற்கிறார். எதிராளிகளுக்கு அவரே அருகில். சர்வீஸ் போடுபவர் மறந்தால் துணை சொல்லலாம். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு எண்ணைச் சொன்னால் அந்த அணிக்குள்ளேயே பஞ்சாயத்து வைத்துவிட்டுத்தான் சர்வீஸ் போட வேண்டும்.

டை-பிரேக்கில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. ஜேம்ஸ் வான் ஆலன் என்ற அமெரிக்கர் முன்வைத்த டை-பிரேக், 1970-இல் அமெரிக்க ஓபனுக்கும் அடுத்த ஆண்டு விம்பிள்டனுக்கும் வந்தது. இப்போதைய வடிவத்தில் 6-6 ஆனதும் நேர் எண்ணில் ஆடி, இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு ஏழை எட்டுபவர் செட்டை வெல்கிறார். தொலைக்காட்சியில் நாற்காலி நடுவர் முந்தியிருப்பவரின் புள்ளியை முதலில் சொல்லி அவர் பெயரையும் சேர்ப்பார். ஊரில் ஆடுபவர்கள் வழக்கம்போல் தங்கள் புள்ளியை முதலில் சொல்வார்கள். டிவி பார்த்துப் பழகியவரும் கோர்ட்டில் பழகியவரும் எதிரெதிரே நின்றால் ‘நாலு அஞ்சு’ என்பது யாருக்கு நாலு, யாருக்கு அஞ்சு என்று குழம்பும். டை-பிரேக் தொடங்கும் முன்பே ‘சர்வீஸ் போடுறவர் ஸ்கோர் முதல்ல’ என்று பேசிக்கொள்வது நல்லது.

இத்தனையும் மீறிக் கணக்கு மறந்துபோகும். அப்போது முதலில் திரும்பிப் பார்க்க வேண்டியது எதிராளியை அல்ல, தரையை. டென்னிஸ் கோர்ட்டே ஒரு நினைவுப் பலகை என்பது நீண்ட நாள் ஆடுபவர்கள் பலருக்கும் தெரியாது. சர்வீஸ் எப்போதும் வலப்பாதியிலிருந்து தொடங்கி மாறி மாறிப் போகும். ஆகவே இருவரும் எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் இரட்டைப்படை வரும்போது வலப்பக்கம், ஒற்றைப்படை வரும்போது இடப்பக்கம். 15-15, 30-0, 30-30, 40-15, டியூஸ் எல்லாம் வலப்பக்கம். 15-0, 30-15, 40-0, 40-30, அட்வாண்டேஜ் எல்லாம் இடப்பக்கம். ஒருவர் 40-15 என்றும் மற்றவர் 40-30 என்றும் சொன்னால், கடைசி சர்வீஸ் எந்தப் பக்கத்திலிருந்து போனது என்று கேட்டால் போதும். இடப்பக்கத்திலிருந்து போயிருந்தால் அடுத்தது வலம். வலம் என்றால் 40-15. பந்து எங்கே விழுந்தது என்பதை மறப்பவர்கள்கூடத் தாம் எங்கே நின்றோம் என்பதை மறப்பதில்லை.

கேம் கணக்குக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. முதல் செட்டில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படைக் கேம்கள் முடிந்ததும் பக்கம் மாறுகிறார்கள். சர்வீஸோ கேமுக்குக் கேம் மாறுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒற்றையர் ஆட்டத்தில் நான்கு நிலைகள் வரும். முதலில் சர்வீஸ் போட்டவர், தொடங்கிய அதே பக்கத்தில் நின்று மறுபடி சர்வீஸ் போடத் தயாரானால் முடிந்த கேம்கள் 0, 4 அல்லது 8. அவரே எதிர்ப்பக்கத்தில் நின்று போட்டால் 2, 6 அல்லது 10. மற்றவர் சர்வீஸ் போடும்போது, இருவரும் தொடங்கிய பக்கங்களிலேயே இருந்தால் 3, 7 அல்லது 11. பக்கம் மாறி நின்றால் 1, 5 அல்லது 9. ஒருவர் 4-3 என்றும் மற்றவர் 5-3 என்றும் சாதித்தால், ஏழா எட்டா என்பதை அடுத்து யார் சர்வீஸ் போட வேண்டும் என்பதே சொல்லிவிடும். இரட்டையரில் இன்னும் எளிது: நான்கு பேரும் வரிசையாகச் சர்வீஸ் போடுவதால் யார் முறை என்பது தெரிந்தாலே போதும். அதனால்தான் தண்ணீர் குடிக்கும் அவசரத்தில் பக்கம் மாறாமல் விடுவது, ‘பரவாயில்ல, இங்கேயே ஆடுவோம்’ என்று சொல்வது, கணக்கு வைப்பவர்களுக்குப் பெரும் நட்டம். வெயிலும் காற்றும் இருவருக்கும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பதற்காக வந்த விதி, கணக்கையும் காத்து வந்தது.

தரையால் தீர்க்க முடியாத வழக்கு ஒன்று உண்டு: கூட்டுத்தொகை ஒன்றாகவே இருந்து, யாருக்கு எத்தனை என்பதில் தகராறு. ஒருவர் 40-30 என்கிறார், மற்றவர் 30-40 என்கிறார். இதற்குச் சர்வதேசக் கூட்டமைப்பு சொல்லும் வழி சுலபமானது, நியாயமானது. இருவரும் அமைதியாக உட்கார்ந்து புள்ளி புள்ளியாக நினைவுபடுத்த வேண்டும். இருவரும் ஒப்புக்கொள்ளும் புள்ளிகள் நிற்கும். தகராறில் உள்ள புள்ளி மட்டும் திரும்ப ஆடப்படும். முதல் புள்ளி யாருடையது என்பதில் மட்டும்தான் வேறுபாடு என்றால், ஆளுக்கு இரண்டு புள்ளி எடுத்ததை இருவரும் ஏற்கிறார்கள். ஆகவே ஆட்டம் 30-30-இல் தொடரும். கேம் தகராறும் அப்படியே. 4-3-ஆ 3-4-ஆ என்பதில், இரண்டாம் கேம் மட்டும் வழக்கில் இருந்தால், ஆட்டம் 3-3-இலிருந்து தொடரும். கடைசியாக ஆடிய கேமில் ரிசீவ் செய்தவர் அடுத்து சர்வீஸ் போடுவார். அமெரிக்கக் கையேடு இதற்கு இரண்டு படிகளைச் சேர்க்கிறது: ஒப்புக்கொண்ட புள்ளிகளை எண்ணியும் முடிவுக்கு வரவில்லை என்றால் இருவருக்கும் சம்மதமான ஒரு கணக்கிலிருந்து ஆடலாம், அதற்கும் ஒத்துவராவிட்டால் காசு சுண்டலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, யார் சொல்வது உண்மை என்று கண்டுபிடிக்க விதி முயலவே இல்லை என்பது. இருவரும் எதில் ஒத்துப்போகிறார்கள் என்பதை மட்டும் அது கேட்கிறது. கிராமத்துப் பஞ்சாயத்தில் வரப்புத் தகராறு தீர்க்கும் பெரியவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்: ‘இதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் தகராறு இல்லைல்ல? அப்ப அதை முதல்ல அளந்து வெச்சிடு.’

டென்னிஸ் விதிப் புத்தகத்தில் தவறுகளைத் திருத்துவது பற்றிய 27-ஆம் விதியும் இதே போக்கில் செல்வது. தவறு தெரியவந்தால் அதுவரை ஆடிய புள்ளிகள் அனைத்தும் நிற்கும் என்பது அதன் அடிப்படை. தவறான பாதியிலிருந்து சர்வீஸ் போட்டது தெரிந்தால் உடனே சரியான பாதிக்கு மாற வேண்டும். போட்டு முடித்த புள்ளி போனது போனதுதான். சர்வீஸ் முறை மாறியது நடுவில் தெரிந்தால் முறையான ஆளிடம் உடனே கொடுக்க வேண்டும். கேம் முடிந்த பிறகு தெரிந்தால் மாறிய வரிசையே தொடரும். இரட்டையரில் ரிசீவ் செய்யும் வரிசை மாறியிருந்தால் அந்தக் கேம் முடியும்வரை அப்படியே போகும். ‘முதல்லேர்ந்து ஆடலாம்’ என்று சொல்ல ஆசைப்படுபவர்களுக்கு விதி இடம் தரவில்லை. பாதி ஆட்டத்தில் பின்தங்கியிருப்பவருக்குத்தான் அந்த ஆசை அடிக்கடி வரும் என்பதும் அனைவரும் அறிந்ததே.

கோட்டுத் தீர்ப்பும் புள்ளிக் கணக்கின் ஒரு பகுதிதான், ஏனெனில் தகராறில் விழும் புள்ளிகளில் பல அங்கேதான் பிறக்கின்றன. விதி எளிது: வலைக்குத் தன் பக்கத்தில் விழும் பந்துக்கு அவரவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும், கோட்டுக்கும் பந்துக்கும் இடையே வெளி தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே ‘அவுட்’, சந்தேகம் இருந்தால் பந்து எதிராளிக்குச் சாதகம். ‘சரியா தெரியல, லெட் வெச்சுக்கலாம்’ என்று புள்ளியைத் திரும்ப ஆடுவது தமிழ்நாட்டில் மிகப் பரவலான சமரசம். மென்மையாகத் தோன்றினாலும் அது தவறு. தெரியவில்லை என்றால் பந்து உள்ளே, புள்ளி அடித்தவருக்கு. லெட் என்பதற்கு அங்கே இடமில்லை.

மண் கோர்ட்டில் பந்தின் தடம் பதியும். அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். ஆனால் எந்தத் தடம் என்பதில் இருவரும் முதலில் ஒத்துப்போக வேண்டும். பத்து நிமிடம் ஆடிய மண்ணில் தடங்கள் கோழி கிளறிய முற்றம்போல இருக்கும். கோடுகளைச் சுண்ணாம்புத் தூளால் போட்டிருந்தால் மூன்றாவது கேமுக்குள் பாதி அழிந்துவிடும். சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூரில் கோட்டுக்குச் சுண்ணாம்பு குறைந்தது என்றால் வெட்கக்கேடு என்று சொல்லிச் சிரிக்கலாம். அழிந்த கோட்டை ஆட்டத்துக்கு முன்பே புதுப்பிப்பது பாதித் தகராறைக் குறைக்கும்.

இனிச் சிற்றூர் டென்னிஸின் உண்மையான சிக்கல். மாவட்டத் தலைநகரில் ஒரே கோர்ட்டில் உயர் அலுவலரும், மருத்துவரும், வங்கி மேலாளரும், உடற்கல்வி ஆசிரியரும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவனும் ஆடுகிறார்கள். வலையின் இரு பக்கமும் சமம் என்பது விளையாட்டின் விதி. வலைக்கு வெளியே யாரும் சமமில்லை என்பது ஊரின் விதி. ‘சார்’ புள்ளியைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்றால் எதிரே நிற்கும் மாணவன் என்ன செய்வான்? ‘சார், தர்ட்டி ஆல் இல்லீங்களா சார்?’ என்று ஒரு ‘சார்’ முன்னும் ஒரு ‘சார்’ பின்னும் வைத்துக் கேள்வியாக மடித்துச் சொல்வான். அல்லது சொல்லாமலே விட்டுவிடுவான். இரண்டாவதே அதிகம் நடக்கிறது. பெரியவர் திரும்பி ‘ஆமா, தர்ட்டி ஆல்’ என்று சிரித்துவிட்டால் ஆட்டம் தொடரும். ‘நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்’ என்றால் அந்தப் பையன் அதன்பின் வாயைத் திறக்க மாட்டான்.

புள்ளியைச் சர்வீஸ் போடுபவரே முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற வரி இங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது. புள்ளி முடிந்தபின் மறுப்பது அவமானமாகக் கொள்ளப்படும்; சர்வீஸுக்கு முன் கேட்பது அப்படி ஆவதில்லை. ‘ஸ்கோர் சொல்லுங்க சார்’ என்று ரிசீவ் செய்பவர் கேட்டால் அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவர் தவறாகச் சொன்னால் அந்த இடத்திலேயே, பந்து இன்னும் கையில் இருக்கும்போதே, பணிவாகத் திருத்த வழி பிறக்கும். பந்து பறந்து ரேலி ஓடி புள்ளி முடிந்த பிறகு கணக்கைத் தொட்டால் அது ஆளைத் தொடுவதாகிவிடும். மேலை நாட்டு மன்றங்களுக்காக எழுதப்பட்ட விதியாக இருந்தாலும், பெரியவரை நேருக்கு நேர் மறுக்கத் தயங்கும் ஊருக்குத்தான் இது கூடுதலாகப் பொருந்துகிறது. பெரியவர்கள் செய்ய வேண்டியதும் இதில் அடங்கியிருக்கிறது: தாங்கள் சர்வீஸ் போடும்போது தவறாமல் புள்ளி சொல்வது. பதவியில் இருப்பவர் சொல்லாமல் போட்டால் எதிராளி கேட்கமாட்டார். கேட்காத கணக்கு இரு தலைகளில் இரு விதமாக வளரும்.

பெருந்தன்மையிலும் ஒரு கோணல் இருக்கிறது. ‘சரி விடுங்க, உங்களுக்கே வெச்சுக்குங்க’ என்று புள்ளியைத் தூக்கிக் கொடுப்பது பணிவுபோலத் தோன்றும். பெற்றவருக்குத் தாம் போங்கு ஆடியதாகப் பட்டம் கட்டப்பட்ட உணர்வு வரும். தகராறுப் புள்ளியைத் திரும்ப ஆடுவது இருவருக்கும் மரியாதையானது. தம் தவறு தமக்குத் தெரிந்தால் மட்டும் விட்டுக்கொடுப்பது வேறு. 1982 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில், ஹோசே லூயிஸ் க்ளெர்க் அடித்த பந்து வெளியே என்று தீர்ப்பாகி ஆட்டமே தம் பக்கம் முடிந்த நிலையில், மாட்ஸ் விலாண்டர் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார். பந்து உள்ளே விழுந்ததை அவர் பார்த்திருந்தார். திரும்ப ஆடிய புள்ளியையும் வென்று ஆட்டத்தை முடித்தார்.

நடுவர் இருந்தால் குழப்பமே வராது என்று நினைக்கவும் வேண்டாம். 2004 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் வீனஸ் வில்லியம்ஸுக்கும் கரோலினா ஸ்ப்ரெமுக்கும் நடந்த ஆட்டத்தின் டை-பிரேக்கில் நாற்காலி நடுவர் டெட் வாட்ஸ் ஸ்ப்ரெமுக்கு ஒரு புள்ளியைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார். ஆடிய இருவரில் ஒருவரும் தடுக்கவில்லை. ஸ்ப்ரெம் 7-6, 7-6 என்று வென்றார். இயந்திரமும் விலக்கல்ல. 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹுவும் 11 மணி 5 நிமிடம் ஆடிய ஆட்டத்தில், கடைசி செட் 47-47 ஆனபோது மின்னணுப் பலகை நின்றுபோனது. அதற்குமேல் எண்ண அதற்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. ஆட்டம் 70-68 வரை போய் மூன்றாம் நாளில் முடிந்தது.

இன்னொரு தொல்லை வேலியோரம் உட்கார்ந்திருப்பவர்கள். அடுத்த முறைக்குக் காத்திருப்பவர், பிள்ளையைக் கூட்டிவந்த அப்பா, நடைப்பயிற்சிக்கு வந்து நின்றுவிட்டவர் என்று யாராவது ஒருவர் ‘நான் பாத்தேன், பால் உள்ளதான்’ என்பார். நடுவரில்லா ஆட்டத்தில் பார்வையாளரிடம் தீர்ப்புக் கேட்கக்கூடாது என்பது தெளிவான மரபு. காரணம் எளிது: அவர் நிற்கும் கோணம் வேறு, அவருக்கு வேண்டியவரும் இருவரில் ஒருவராக இருப்பார். கேட்காமலே சொல்பவரை நிறுத்துவது சிற்றூரில் கடினம். அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் ஆட்டத்தைத் தொடர்வதே சரி.

நேரமும் கணக்கைத் தீர்மானிக்கிறது. கோடையில் எட்டு மணிக்குமேல் இந்தப் பக்கத்து வெயிலில் நிற்க முடியாது, அலுவலகமும் காத்திருக்கும். மூன்று செட் ஆட்டம் விடுமுறை நாளுக்கு உரியது. மற்ற நாட்களில் ஒரே செட், அல்லது எட்டு கேமுக்கு ஆடும் புரோ செட், அல்லது நான்கு கேம் குறுஞ்செட், அல்லது மூன்றாம் செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை-பிரேக். டியூஸில் அட்வாண்டேஜ் இல்லாமல் ஒரே புள்ளியில் கேமை முடிக்கும் முறையும் உண்டு. அதில் எந்தப் பாதியில் ரிசீவ் செய்வது என்பதை ரிசீவ் செய்யும் அணி தேர்ந்தெடுக்கும், ஆண்-பெண் கலப்பு இரட்டையரில் சர்வீஸ் போடுபவரின் பாலினத்தவரே ரிசீவ் செய்வார். இவற்றில் குறுஞ்செட், பத்துப் புள்ளி டை-பிரேக், அட்வாண்டேஜ் இல்லாத முறை ஆகியவை சர்வதேச விதிப் புத்தகம் ஏற்ற மாற்று முறைகள். எதை ஆடுகிறோம் என்பதை டாஸுக்கு முன் சொல்லிக்கொள்ள வேண்டும். ‘நாலு-நாலு வந்தா டை-பிரேக்னு நினைச்சேன்’ என்று நாலு-நாலில் நின்று சொல்வது யாருக்கும் பயன்படாது.

வலைக் கம்பத்தில் தொங்கவிடும் எண் அட்டைகள், சட்டைப் பையில் தள்ளும் மணிகள், கைக்கடிகாரச் செயலிகள் என்று உதவிக் கருவிகள் பல வந்துவிட்டன. அட்டை கேம் கணக்குக்கு நல்ல துணை. பக்கம் மாறும்போது கம்பத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால் மாற்ற மறக்காது. புள்ளிக் கணக்குக்கு அவை உதவா. ஒவ்வொரு புள்ளிக்கும் கம்பத்துக்கு நடந்தால் நேரத்துக்கு அலுவலகம் போக முடியாது. புள்ளிக்கு வாய்தான் கருவி.

ஆட்டம் முடிந்தபின் கணக்கை எழுதுவதில் வென்றவரின் எண் முதலில். டை-பிரேக்கில் முடிந்த செட்டுக்கு 7-6 என்று எழுதி, தோற்றவர் எடுத்த டை-பிரேக் புள்ளியை மட்டும் அடைப்புக்குள் சேர்ப்பது வழக்கம்: 7-6 (5) என்றால் டை-பிரேக் 7-5. அரசு ஊழியர்களுக்கும் பொதுமக்களுக்கும் தனிப் பிரிவுகள் வைத்து முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நடக்கும் காலம் இது. பதக்கத்துக்கு ஆடப் போகிறவர்கள் நடுவரின் குரலுக்குக் காத்திராமல் தாமே கணக்கு வைத்துப் பழகியிருந்தால் அவர்களுக்கு நல்லது.

நடுவரில்லா ஆட்டத்துக்கான நடைமுறையைத் தமிழில் எழுதினால் பத்து வரிக்குமேல் வராது. கோர்ட்டை நிர்வகிப்பவர்கள் அதை ஒரு தகரப் பலகையில் எழுதி வாசல் கேட்டில் மாட்டி வைக்க வேண்டும். முதல் வரி, சர்வீஸ் போடுபவர் புள்ளியை உரக்கச் சொல்ல வேண்டும் என்பதாக இருக்கட்டும்.